தட்டு ஆரோக்கியத்துக்கு, ஃபேன்சி கடையிலிருந்து

என் செல்ல மதினி ஆரோக்கியம்,

இன்னைக்கும் நீ வந்துட்டுப் போன. மத்தியானம் ரெண்டரை மணி இருக்கும். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் கெடக்கு, கடையில ஈ காக்கா இல்ல. ஃபேன் காத்துல மேல தொங்குற ரிப்பனெல்லாம் ஒண்ணையொண்ணு தொட்டுத் தொட்டு விலகிக்கிட்டு இருந்துச்சு. செத்த நேரம் மேசையில தலையைச் சாச்சேன், கண்ணு சொக்குச்சு, அப்பத்தான் நீ உள்ள வந்த.

அந்த ஊதாப் பூப்போட்ட புடவைதான் கட்டியிருந்த. ரேக்குக்கு நடுவுல மெதுவா நடந்த. உன் முந்தானை பட்டு வளையல் எல்லாம் ஆடுது, ஆனா ஒரு வளையல் கூடச் சத்தம் போடல. நான் உக்காந்த எடத்துலயே, "எடுத்துக்க மதினி, எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்க"ன்னு சொல்றேன். நீ திரும்பி ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுற. கையில ஒண்ணுமே இல்ல.

முழிச்சுப் பாத்தா கடை பூரா பவுடர் வாசம். ஃபேன்சி கடையில பவுடர் வாசம் வராம பின்ன பிரியாணி வாசமா வரும்னு என்னைய நானே வஞ்சுக்கிட்டேன். ஆனாலும் செத்த நேரம் எந்திரிக்க முடியல. வெளிய வெயில் ரோட்டுல தண்ணி மாதிரி அலையடிக்குது, தாடிக்கொம்பு பஸ்ஸு ஒண்ணு அதுக்குள்ள மெதந்து வந்து நின்னுச்சு. யாரும் எறங்கல. கிளம்பிப் போயிருச்சு.

இந்தக் கடுதாசிய உனக்குத்தான் எழுதுறேன். ஆனா ஊரும் கேக்கப் போகுது, அதனால நாம யாருன்னு அவுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன். நாம ரத்த சொந்தமில்ல. நீ மாதா கோயிலுக்குப் போறவ, நான் முத்தாலம்மனுக்கு வெளக்குப் போடுறவ. அகரத்துல ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. எட்டாவது படிக்கையில எங்கண்ணன் சைக்கிள்ல வந்ததப் பாத்துட்டு, "கட்டுனா உங்கண்ணனத்தான் கட்டுவேன், இன்னையில இருந்து நான் ஒனக்கு மதினி"ன்னு சொன்ன. எங்கண்ணன் வேற எடத்துல கட்டுனான், நீயும் வேற எடத்துல வாக்கப்பட்ட. மதினி நாத்தனாங்குற முறை மட்டும் அப்படியே நிலைச்சிருச்சு.

உன்னைய நெஞ்சுவலி கொண்டு போயி வர்ற மாசத்தோட ஒரு வருசம் ஆகுது, நம்புவியா? நீ இல்லாம ஒரு பொங்கல் போயிருச்சு, ஒரு கிறிஸ்மஸ் போயிருச்சு. இந்தத் தடவ மழை நல்ல மழை. காலையில பாத்தா சிறுமலை பாதிதான் தெரியுது, மீதி மேகத்துக்குள்ள கெடக்கு. உன் தையல் மிசினை உம்மக ஜெனிஃபர் யாருக்கும் குடுக்கல, துணி போட்டு மூடி வச்சிருக்கா. அதுல நீ தச்சு முடிக்காத ரவிக்கை ஒண்ணு ஊசி குத்துன மேனிக்கே இருக்குதாம்.

போன வாரம் உம்மக வந்தா. "அத்தை, அம்மாவுக்கு வருசப் பூசை வைக்கிறேன். நோட்டீஸ் அடிக்கணும். அம்மாவைப் பத்தி ஒரு பக்கம் நீங்கதான் எழுதித் தரணும்"னா. சரிடி தங்கம்னு சொல்லிட்டேன். எழுத உக்காந்தா உன்னோட நல்லதெல்லாம் வரிசை கட்டி வருது. அதுல மொதல்ல வந்து நிக்குது உன் தட்டு.

நம்ம ஊருல வயசுக்கு வந்த பிள்ளைக்குச் சடங்கு வச்சா, தாய்மாமன் சீரு ஒரு பக்கம், ஊர்ப் பொம்பளைங்க கொண்டு வர்ற தட்டு ஒரு பக்கம். பவுடரு, சோப்பு, சீப்பு, கண்ணாடி, ரிப்பன், வளையலு, மேல ரெண்டு மொழம் கனகாம்பரம். பந்தல்ல எத்தனை தட்டு இருக்குன்னு கண்ணாலயே எண்ணிருவாளுக. தட்டு கொறஞ்சா அந்தப் பிள்ளை மூஞ்சி செத்துப் போகும். நீ கூப்பிட்ட வீட்டுக்கும் போவ, கூப்பிடாத வீட்டுக்கும் போவ. கூரை வீடு, காலனி வீடு, பொழைக்க வந்தவுக வீடு எதுவும் பாக்க மாட்ட. தட்டு ஆரோக்கியம்னே உனக்குப் பேரு ஆகிப்போச்சு.

அந்தத் தட்டுல இருந்த சாமானெல்லாம் என் கடைச் சாமான். நீ வாங்கினதில்ல, சொல்லாம எடுத்தது.

எழுதிட்டேன் மதினி. கோவப்படாத. கோவப்பட்டாலும் பரவால்ல, மேல இருந்துக்கிட்டே ரெண்டு வசவு வையி.

கடையை மாத்திக் கட்டி ஏழு வருசம் ஆச்சு. அது வரைக்கும் சாமானெல்லாம் எனக்குப் பின்னாடி இருக்கும், கேக்குறதை நான் எடுத்துக் குடுப்பேன். எங்க வீட்டுக்காரர் திண்டுக்கல்ல பெரிய கடைகளைப் பாத்துட்டு வந்து, "சனங்க தொட்டுப் பாத்து எடுத்தாத்தான் யாவாரம் ஓடும்"னு குறுக்கு மேசையைத் தூக்கிட்டு ரேக்கு போட்டார். ஓடத்தான் செஞ்சுச்சு. காட்டு வேலை முடிஞ்சு வர்ற பொம்பளைங்க வளையலைத் தொட்டுப் பாக்குறதும், பொட்டை நெத்தியில வச்சுப் பாத்து மறுபடி அட்டையில ஒட்டுறதும், சிரிப்பும் கும்மாளமுமா கடை ஒரு பொம்பளைங்க சாவடி மாதிரி இருந்துச்சு. சாமானும் கொறைய ஆரம்பிச்சது.

மூலையில ஒரு வட்டக் கண்ணாடி மாட்டினேன். அதுல எல்லாருமே சின்னதா, வளைஞ்சு தெரிவாங்க. ஒரு நாள் மத்தியானம் நீ பவுடர் ரேக்குக்கு முன்னாடி நின்ன. வெயிலுக்கும் மழைக்கும் எப்பவும் முழங்கையில தொங்குமே உன் கறுப்புக் குடை, அது பாதி விரிஞ்சு கெடந்துச்சு. உன் கை மெல்ல நீண்டுச்சு. ஒரு டப்பா குடைக்குள்ள போச்சு. அப்புறம் ஒரு சீப்பு, ஒரு ரிப்பன் சுருளு. கெணத்துக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி நான் அந்தக் கண்ணாடியவே பாத்துக்கிட்டு நின்னேன்.

நீ திரும்பி என்கிட்ட வந்து சிரிச்ச. "வேற ஏதாச்சும் வேணுமா மதினி?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் வேணாம் நாத்தனா, ஒன்னையப் பாக்கத்தான் வந்தேன்"ன. எதிர்த்த கடையில ரெண்டு டீ சொன்னேன். குடிச்சோம். உன் மருமகன் கதை, ஆஸ்பெஸ்டாஸ் ஒழுகுற கதை எல்லாம் பேசுனோம்.

நாலு நாள் கழிச்சு மேட்டுத்தெருவுல ஒரு சடங்கு. அந்தத் தட்டைப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு. நீ அந்தப் பிள்ளைக்குச் சந்தனம் தடவி, கன்னத்தைக் கிள்ளி முத்தம் குடுத்த. அவ அம்மா உன் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நான் என்ன செய்ய? அந்தப் பந்தல்ல போயி, "ஏ, அது என் சாமான்"னு கேக்கவா முடியும்?

உன் சடங்குக்கு யாருமே தட்டு கொண்டு வரலன்னு எட்டாவது படிக்கையில ஒருக்கா என்கிட்ட சொல்லியிருக்க. அதனாலதான் இப்படிச் செஞ்சன்னு எழுதினா வாசிக்கிறவுக உச்சுக் கொட்டுவாக. எனக்கு அப்படி எழுத இஷ்டமில்ல. தட்டு வராத பிள்ளைங்க எல்லாம் களவாங்கவா செய்யுதுங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மதினி. ரேக்கையே தூக்கிக் குடுத்திருப்பேனே. கேக்குறதுக்கு வெக்கமா இருந்துச்சா, இல்ல கேட்டு வாங்கினா அது உன் தட்டா இருக்காதுன்னு நெனச்சியா? பதில் சொல்லாமயே போயிட்ட, புண்ணியவதி.

இதோட முடிஞ்சிருந்தா இந்தக் கடுதாசி எதுக்கு? உன் நல்லதை மட்டும் எழுதி நோட்டீஸுக்குக் குடுத்திருப்பேன். நடுவுல வசந்தா நிக்கிறா.

வசந்தா என் கடையில வேலை பாத்தவ. புருசன் லாரிக்குப் போறவன், வீட்டுல இருக்குறத விட ரோட்டுல இருக்குறது அதிகம். ஒத்தப் பொம்பளைப் பிள்ளை, கார்த்திகா. புதுச் சாமான் வந்தா வெல ஸ்டிக்கர் எழுதி ஒட்டுறது வசந்தா வேலை. வாய் பேசாது, வேலை பேசும். நீ வந்தாக் கூட "வாங்கக்கா" ஒண்ணோட சரி.

அந்த வருசத் தீவாளிக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் சாமானைச் சரிபாத்துட்டுக் குதிகுதின்னு குதிச்சார். "நாள் பூரா உள்ள நிக்கிறது நீயும் அவளும். நீ எடுத்தியா?"ன்னார். இல்லன்னேன். "அப்ப அவதானே?" எனக்குத் தெரியும் மதினி. இல்லன்னு வாயெடுத்தா, பின்ன யாருன்னு அடுத்த கேள்வி வரும். உன் மூஞ்சி கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. "ஆமா, அவளாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டேன்.

நானேதான் சொன்னேன். அவர் சொல்லல, யாரும் என் கழுத்தப் பிடிக்கல.

மறுநாள் காலையில வசந்தா கடையைக் கூட்டித் தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்தா. "நாளையில இருந்து வராதம்மா"ன்னேன். ஏன்னு கேட்டா. சாமான் கொறையுதுன்னேன். வெளக்கமாத்தைச் செவுத்துல சாத்தி வச்சா, செருப்ப மாட்டுனா, போயிட்டா. அன்னைக்குச் சாயங்காலமே எங்க வீட்டுக்காரர், "இவர் எங்கள் கடையில் பணிபுரியவில்லை, இவருடன் வைத்துக்கொள்ளும் எந்தத் தொடர்புக்கும் கடை பொறுப்பல்ல"ன்னு அடிச்சு, அவ போட்டோவோட கண்ணாடிக் கதவுல ஒட்டிட்டார். ஒட்டுறப்ப பசை டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நானு.

அந்தக் காயிதத்துக்குத் திருடின்னு ஒரு வார்த்தை தேவைப்படல. ஊருக்குப் புரிஞ்சு போச்சு. மகளிர் குழுவுல அவளைக் கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லி நிப்பாட்டுனாங்க. பள்ளிக்கூடத்துல கார்த்திகாவைப் பக்கத்துல உக்கார வைக்க மாட்டேன்னு ரெண்டு பிள்ளைங்க சொல்லுச்சாம், பேனா காணாமப் போனா அவ பையைத்தான் மொதல்ல தொறப்பாங்களாம். யாரும் வேலை குடுக்கல. வசந்தா பூக்காட்டுக்குப் பூப் பறிக்கப் போக ஆரம்பிச்சா.

அப்புறமும் சாமான் கொறையத்தான செய்யும்? நீதான் வந்துக்கிட்டு இருந்தியே! எங்க வீட்டுக்காரருக்குக் கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. கேமரா வாங்கினார். மாட்ட வந்த ஆளுகிட்ட, பவுடர் ரேக்குப் பக்கம் வேணாம், பள்ளிக்கூடப் பிள்ளைங்க நிக்கிற கிளிப்பு ரேக்குப் பக்கம் திருப்பி வையின்னு சொன்னது யாருன்னு நெனைக்கிற? நான்தான். உன்னைக் காப்பாத்துறேனாம்! பை எல்லாம் வாசல்ல வைக்கணும்னு போர்டு போட்டோம். காட்டுல இருந்து மடியில பூவோட வர்றவளுக, மடியை ஒதறச் சொல்லுவாங்களோன்னு வாசலோட நின்னுட்டாளுக. ஒரு ஒம்பதாம் வகுப்புப் பிள்ளையைப் பையைக் கொட்டச் சொல்லி, உள்ள இருந்து அவ வீட்டு விலக்குத் துணி வந்து விழுந்து, அது அழுதுக்கிட்டே ஓடுனது இன்னும் கண்ணுல நிக்குது. அவ எதையும் எடுக்கல. அன்னைக்கு அவ கூட வந்த எட்டுப் பிள்ளைங்களும் அப்புறம் நம்ம கடைக்கு வரவே இல்ல.

இப்ப எல்லாரும் திண்டுக்கல்லுக்குப் போயித்தான் வாங்குறாங்க. ஒரு ரிப்பனுக்குப் பஸ் ஏறிப் போறாளுக. மத்தியானத்துல எனக்குத் தூக்கம் வர்றது பின்ன எதனாலங்குற?

நீ மட்டும் விடாம வந்த. வெறிச்சோடின கடையில ரெண்டு பேரும் உக்காந்து டீ குடிப்போம். கதவுல வசந்தா போட்டோ வெயில்ல வெளுத்து, மூஞ்சி மங்கி, வெறும் புடவை மட்டும் தெரிஞ்சது. உள்ள வரும்போதும் போகும்போதும் நீ அதைத் தாண்டித்தான போன? அந்தக் காயிதம் எதுக்குன்னு உனக்குத் தெரியாமயா இருந்துச்சு? தெரியும்டி உனக்கு. எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒண்ணும் தெரியாதவளுக மாதிரி மழையைப் பத்திப் பேசுனோம்.

போன திங்கக்கிழமை ஒரு போன் வந்துச்சு. திண்டுக்கல்ல ஒரு துணிக்கடை மேனேஜர். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆளு போல, பேச்சுலயே தெரிஞ்சுது. "ஏனுங்கம்மா, கார்த்திகான்னு ஒரு பொண்ணு எங்க கடைக்கு வேலைக்கு வந்திருக்குதுங்க. நல்லாப் பேசுதுங்க. ஆனா அவங்கம்மா உங்க கடையில ஏதோ எடுத்துப் போட்டாங்கன்னு சொல்றாங்களேங்க, நெசமுங்களா?"ன்னார். இம்புட்டு நாள் கழிச்சு, அந்தப் பிள்ளை பன்னெண்டு முடிச்சு வேலை தேடிப் போற எடத்துக்கும் அந்தக் காயிதம் போயி நிக்குது பாரு. "கடையில கூட்டமா இருக்குங்க, அப்புறம் கூப்பிடுறேன்"னு வச்சிட்டேன். கடையில ஒருத்தர் கூட இல்ல.

மூணு நாள் கூப்பிடல. மூணு நாளும் நீ மத்தியானத்துல வந்த, வெறுங்கையைக் காட்டுன, போன. நாலாம் நாள் காலையில கடையைத் தொறக்காம நேரா பூக்காட்டுக்குப் போயிட்டேன்.

பனி இன்னும் எறங்கிக்கிட்டு இருந்துச்சு. செண்டுமல்லி காடு பூரா மஞ்சளு. அதுக்குள்ள அங்கங்க தலை மட்டும் தெரியுது, பேச்சுச் சத்தம் கேக்குது, யாரு பேசுறான்னு தெரியல. நான் ஏதோ தூக்கத்துல நடக்குறவ மாதிரி வரப்பு மேல போனேன். வசந்தா கடைசிச் சாலுல இருந்தா.

"வசந்தா"ன்னேன்.

"சொல்லுங்கக்கா." நிமிந்து பாக்கல. கையி பூவுலதான் இருந்துச்சு.

"கார்த்திகா வேலை விசயமா போன் பண்ணாங்க."

"என்ன சொன்னீங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"எப்பவும் அதானக்கா நீங்க."

செருப்பால அடிச்சிருந்தாக் கூட அம்புட்டு வலிச்சிருக்காது. "நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும் வசந்தா. அன்னைக்கே தெரியும்"னேன்.

"எனக்குந்தான் தெரியும். யாரு எடுத்ததுன்னும் தெரியும்."

அவ பூவை மடியில போட்டுக்கிட்டே சொன்னா, ஊர்க் கதை சொல்ற மாதிரி நிதானமா. "எம்மக சடங்குக்குத் தட்டு கொண்டு வந்துச்சுல்ல ஆரோக்கியக்கா. ராத்திரி தட்டைப் பிரிச்சா, பவுடர் டப்பா அடியில நான் எழுதுன ஸ்டிக்கர். ஏழு போட்டா நடுவுல ஒரு கோடு இழுப்பேன்ல, அதே ஏழு. சோப்புலயும் இருந்துச்சு. அந்தம்மா நம்ம கடையில காசு குடுத்து ஒண்ணு வாங்கி நான் பாத்ததே இல்ல. எதை எடுத்தேன்னு நீங்க என்னைய நிப்பாட்டுனீங்களோ, அது என் வீட்டுக்கே வந்துருச்சு."

"பின்ன ஏன்டி சொல்லல? அந்தத் தட்டோட நேரா கடைக்கு வந்திருக்கலாமே?"

அப்பத்தான் நிமிந்தா. "பந்தல்ல எத்தனை பேரு இருந்தாங்கன்னு தெரியுமாக்கா ஒங்களுக்கு? நாப்பது சேரு வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தோம். எங்கண்ணன் வீடு நாலு பேரு, ஐயரு ஒருத்தரு. குழுவுல ஒருத்தி கூட வரல. பக்கத்து வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கிட்டா. நீங்களும் வரல. எம்பிள்ளை பட்டுப் பாவாடையோட அம்புட்டுக் காலிச் சேரையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. அந்தம்மா ஒருத்திதான் தட்டைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. எம்மக கன்னத்துல சந்தனம் தடவி, பாட்டுப் பாடுச்சு, ஒத்த ஆளா. அதப் போயி நான் களவாணின்னு சொல்லணுமா?"

நீ பாட்டுப் பாடுனியா மதினி? அந்தக் காலிப் பந்தல்ல, நீ ஒருத்தி மட்டும்? உனக்குப் பாடவே வராதே. என்னன்னு நெனச்சு அந்த வீட்டுக்குப் போன? தப்பைக் கழுவுறதுக்கா? அப்படின்னா அந்தத் தட்டையாச்சும் காசு குடுத்து வாங்கிட்டுப் போயிருக்கக் கூடாதா, பாவி? உன்னைய நெனச்சா கொல்லணும் போல கோவம் வருது. அதே வேகத்துல கட்டிப் பிடிச்சு அழணும் போலவும் இருக்கு.

நான் வரப்புலயே உக்காந்துட்டேன். "இப்ப எல்லாருகிட்டயும் சொல்லிடுறேன் வசந்தா. ஆரோக்கியந்தான் எடுத்தான்னு சொல்லிடுறேன்"னேன்.

"சொல்லுங்க. ஆனா செத்தவங்க தலையில கட்டிட்டு நீங்க ஒதுங்கிக்காதீங்க. அந்தம்மா எடுத்தது சீப்பும் பவுடரும். எம்போட்டோவ ஒட்டினது நீங்க."

அங்கயே போனை எடுத்து அந்த மேனேஜரைக் கூப்பிட்டேன். வசந்தாவுக்கும் கேக்குற மாதிரி சத்தமா வச்சேன். "அந்தப் பொண்ணோட அம்மா ஒண்ணும் எடுக்கலங்க. நான்தான் பொய் சொன்னேன். அந்தப் பிள்ளையை நம்பி எடுத்துக்கலாம்"னேன். "அப்படிங்களா... நேத்தே அந்த எடத்துக்கு வேற ஆளு போட்டுட்டோமுங்கம்மா. நீங்க கூப்பிடவே இல்லைங்களே. தீவாளி சமயத்துல எடம் வந்தா பாக்கலாமுங்க"ன்னார்.

வசந்தா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. அடுத்த செடிக்கு நகந்தா. "கார்த்திகாவை என் கடைக்கு அனுப்புறியா?"ன்னு கேட்டேன், வேற என்ன கேக்குறதுன்னு தெரியாம. "வேணாம்க்கா"ன்னா. அந்த மஞ்சளுக்குள்ள அவ முதுகு மட்டும் ரொம்ப நேரம் தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பனி விலகி வெயில் ஏறுற வரைக்கும் நான் அங்கயே கெடந்தேன்.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். மனுசன் குதிப்பார்னு பாத்தா குதிக்கல. எந்திரிச்சு என்னையும் கூட்டிக்கிட்டுக் கடைக்குப் போயி கேமரா எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்தார். அப்புறம் என்னையப் பாத்தார். ரெண்டு நாளா என் கையால காப்பி குடிக்கல, அவரே போட்டுக்கிறார்.

ஜெனிஃபர்கிட்டயும் சொன்னேன், அவளுக்குச் சொல்லாம எழுதுறது முறையில்லல்ல. அவ தையல் மிசினைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "ஊருல பாதிப் பிள்ளைங்க எங்கம்மா தட்டை வச்சுத்தானே போட்டோ எடுத்துச்சுங்க அத்தை"ன்னு ஒரே அழுகை. கொஞ்ச நேரம் கழிச்சுக் கண்ணத் தொடச்சுக்கிட்டு, "பூசை நோட்டீஸுல வேணாம் அத்தை. அது அம்மாவுக்கு. நீங்க குழுவுல வாசிங்க. நான் வரமாட்டேன், ஆனா வாசிக்க வேணாம்னு சொல்ல மாட்டேன்"னா. உம்மக உன்னைய விடப் பெரிய மனுசி மதினி. என்னைய விடவும்.

உன் பேரு கெடுமேன்னு எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிது. நீ தட்டு கொண்டு போன வீட்டுல எல்லாம் இனி என்ன பேசுவாங்களோ. சிலரு அந்தப் பழைய பவுடர் டப்பாவைத் தேடி எடுத்து வெளிய எறியலாம், சிலரு பத்திரமா எடுத்து வைக்கலாம். நீ உசுரோட இருக்கும்போது நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு பேருமா சேந்து வெக்கப்பட்டிருக்கலாம். இப்ப நான் ஒருத்தியா உன்னையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போறேன். மன்னிச்சுக்க, இல்ல மன்னிக்காத, உன் இஷ்டம்.

வர்ற ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் குழுக் கூட்டம். எந்திரிச்சு நின்னு இந்தக் கடுதாசிய ஒரு வரி விடாம வாசிப்பேன், இது உனக்கு நான் குடுக்குற சத்தியம். மொதல்ல என் பேரு, நான் செஞ்சது. அதுக்கப்புறந்தான் உன் பேரு. வசந்தாவுக்கும் சொல்லி அனுப்புனேன், அவ வாரேன்னும் சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல. அவ வந்தாலும் வராட்டியும் கடைசியா ஒண்ணு சொல்லுவேன்: வசந்தா எதையும் எடுக்கல. இன்னொரு தடவையும் சொல்லுவேன், பின்னாடி உக்காந்திருக்கவளுகளுக்கும் கேக்குற மாதிரி.

இப்படிக்கு,
உன்னைய விடவும் முடியாம, விட்டுக் குடுக்கவும் முடியாம நிக்கிற
உன் நாத்தனா தனலட்சுமி